சென்னையில் சேவைச் சமையல்: மாஸ்டர்களும் ஷெஃப்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மழை கொட்டினாலும் சரி, யாருக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடைத்தாலும் சரி, சமையல் தெரிந்தவர்களிடமிருந்து எங்களுக்கு போன் வரும். சம்பளம் வாங்காமல் ஊருக்குச் சமைக்க வருகிறவர்களை இடம் பார்த்து அனுப்புவதுதான் எங்கள் வேலை. போனில் திரும்பத் திரும்பச் சொல்கிற பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறோம். படித்துவிட்டு வந்தால், அடுப்பு பற்ற வைக்கிற நேரத்தில் பேச்சு குறையும்.

ஹோட்டல் ஷெஃப்தான் வர வேண்டுமா, யார் வேண்டுமானாலும் வரலாமா?

நட்சத்திர ஹோட்டல்காரர், மெஸ் நடத்துபவர், பரோட்டா மாஸ்டர், கல்லூரி விடுதிச் சமையல்காரர், கோயில் மடைப்பள்ளியில் இருந்தவர், தரமணி ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரி மாணவர் என்று எல்லாரும் வருகிறார்கள். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறோம். இந்த வேலையில் மூத்தவர் கல்யாண மாஸ்டர்தான். ஐநூறு பேர் பந்திக்கு உப்பு ஒரே தடவையில் சரியாக விழுவதும், எதிர்பாராமல் நூறு பேர் கூட வந்தால் சாம்பாரை எப்படி நீட்டுவது என்பதும், பதினொன்றரைக்குச் சாப்பாடு என்றால் பதினொன்றரைக்கு இறக்கி வைப்பதும் அவருக்குக் கைப்பழக்கம். தட்டு தட்டாக ஆர்டர் எடுத்துச் செய்கிற கிச்சனில் பத்து வருடம் நின்றாலும் அது வராது. அதனால் பெரிய ஹோட்டலில் சூ ஷெஃப்பாக, அதாவது தலைமை ஷெஃப்புக்கு அடுத்தவராக, இருப்பவரும் இங்கே முதல் சில வாரங்கள் மாஸ்டருக்குக் கை ஆளாகத்தான் நிற்பார். அது ஒத்துவராது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், யாருக்கும் மனக்கசப்பு இருக்காது.

மாஸ்டர்கள் ஹோட்டல்காரர்களிடம் கற்றுக்கொண்டதும் உண்டு. பச்சைக் கறிக்கும் வெந்த காய்க்கும் தனித்தனிப் பலகை, தெர்மாமீட்டர், மூடியில் நேரம் எழுதி ஒட்டுவது எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்த பழக்கங்கள்.

நான் வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கிறவள். என்னால் ஆகுமா?

தாராளமாக ஆகும். நறுக்க, கழுவ, பொட்டலம் கட்ட, கணக்கு எழுத ஆள் எப்போதும் போதாது. முக்கியமாக, ருசி பார்க்க நீங்கள் வேண்டும். கல்யாணச் சமையலில் எண்ணெயும் காரமும் தூக்கலாக இருக்கும். முகாமில் படுத்திருக்கிற வயதானவருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும் அது ஆகாது. "மாஸ்டர், கொஞ்சம் காரம் குறைங்க" என்று தைரியமாகச் சொல்ல வீட்டுச் சமையல்காரர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எனக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அதிலும் பாதி நாள் தூக்கத்தில் போய்விடும். வந்து என்ன பயன்?

ஹோட்டல் வேலை எப்படிப்பட்டது என்று எங்களுக்கும் தெரியும். மாதத்தில் ஒரே ஒரு அரை நாள் போதும், ஆனால் அந்த அரை நாள் நிச்சயமாக இருக்க வேண்டும். "முடிந்தால் வருகிறேன்" என்று சொல்கிற பத்துப் பேரை நம்பி அரிசி ஊறவைக்க முடியாது. வெள்ள நேரத்தில் மட்டும் பொங்கி எழுந்து வருபவர்களைவிட, சாதாரண மாதங்களில் ஒரு நாள் வந்து பழகியவர்தான் வெள்ள நேரத்தில் உதவுகிறார். இடம் தெரியும், பாத்திரம் எங்கே என்று தெரியும், கூட நிற்பவரின் கை வேகம் தெரியும்.

சாதாரண நாளில் யாருக்குச் சமைக்கிறோம்?

பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, அரசு ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் நோயாளிகளின் உடன் வந்தவர்கள். சென்ட்ரல் எதிரே இருக்கிற ராஜீவ் காந்தி மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை எல்லாவற்றிலும் வேலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கியிருப்பார்கள். உள்ளே நோயாளிக்குச் சாப்பாடு உண்டு. வெளியே உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு யார் தருவது? இரண்டாவது, மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்கள். மூன்றாவது, கண்ணகி நகர், பெரும்பாக்கம் மாதிரி மறுகுடியமர்வுப் பகுதிகளில் தனியாக இருக்கும் முதியவர்கள். ஆற்றோரத்தில் இருந்தவர்களை நகரத்தின் ஓரத்துக்கு மாற்றியபோது பிள்ளைகள் வேலைக்காகப் பழைய இடத்தின் பக்கமே தங்கிவிட்டார்கள். வயதானவர்கள் மாடி வீட்டில் தனியாகக் கிடக்கிறார்கள்.

அம்மா உணவகம் இருக்கிறது, பள்ளியில் காலை உணவு இருக்கிறது. நாம் எதற்கு?

நியாயமான கேள்வி. பசிக்குச் சோறு போடுவதை அரசாங்கத்தின் வேலையாகவே பார்த்த ஊர் இது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920-லேயே மதிய உணவு தொடங்கியது. 1982-ல் சத்துணவு, 2013-ல் ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் தருகிற அம்மா உணவகம், 2022-ல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். இவை தினமும் போடுகிற இலைகளின் எண்ணிக்கைக்கு எந்தத் தன்னார்வக் குழுவும் கிட்டே வர முடியாது, வர முயலவும் வேண்டாம்.

நமக்கு மிஞ்சுவது சந்து பொந்துகள்தான். கடை மூடிய பிறகான இரவு, உணவகம் வரை நடக்க முடியாதவர், தண்ணீர் சூழ்ந்த தெரு, உப்பில்லாமல் சாப்பிட வேண்டிய சிறுநீரக நோயாளி. பக்கத்தில் அம்மா உணவகம் நன்றாக நடக்கிற இடத்தில் நாம் மதியச் சாப்பாட்டு வண்டி நிறுத்துவதில்லை.

மழை வெள்ளத்தில் என்ன நடக்கும்? எப்போது வர வேண்டும்?

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கும். சாப்பாடு ஊரில் நிறையவே இருந்தது. மெயின் ரோட்டில் நாலு வண்டி நின்று ஒரே ஆளுக்கு நாலு பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தது. முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை உள் தெருக்களில் மாடியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. ஆகவே அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால், யார் படகில் அல்லது டிராக்டரில் கொண்டுபோகப் போகிறார், எந்தத் தெரு, எத்தனை தலை என்று கேளுங்கள். வார்டு அலுவலகத்தில் பேசுங்கள், மாநகராட்சியின் 1913 எண்ணில் கேளுங்கள். பதில் கிடைக்காமல் ஐநூறு பொட்டலம் கட்டினால் அதில் இருநூறு ஊசிப்போகும்.

முதல் நாள் சமையலே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பிஸ்கட், பிரெட், வாழைப்பழம், அவல், பொட்டுக்கடலை, தண்ணீர் கேன், பால் பவுடர் போகட்டும். கரண்ட் இருக்காது, அடுப்பு இருக்காது, எப்போது கையில் கிடைக்கும் என்பதும் தெரியாது. அப்படிப்பட்ட நேரத்தில் சூடான சாம்பார் சாதத்தை அனுப்புவது ஆபத்து. இரண்டாம் நாளிலிருந்து முகாம்களுக்குச் சுடச்சுடப் போடலாம். பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ முகாம் நடந்தால் அங்கேயே போய்ச் சமைப்பது உத்தமம்.

மூன்றாம் நாள் ஆனால் ஜனங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ரசம். மூன்று வேளையும் லெமன் சாதம் சாப்பிட்டு நாக்கு செத்துப்போயிருக்கும். ஒரு தவலை மிளகு ரசமும் குழைந்த சாதமும் கொண்டுபோன மாஸ்டருக்குக் கிடைக்கிற வரவேற்பு எந்த பஃபேக்கும் கிடைக்காது.

வெள்ளத்துக்குப் பிறகு போர்வெல், சம்ப் தண்ணீரை நம்பாதீர்கள். சாக்கடை கலந்திருக்கும். அரிசி கழுவுவதற்குக்கூட கேன் தண்ணீர், இல்லையென்றால் நன்றாகக் கொதிக்க வைத்த தண்ணீர்.

என் ஸ்பெஷல் ஐட்டத்தைச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அவர்களுக்குப் பிடிக்குமா என்று முதலில் கேளுங்கள். 2020 ஊரடங்கில் அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் பக்கம் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் வேலையில்லாமல் சிக்கிக்கொண்டார்கள். நம்மூர் அன்பர்கள் புளியோதரை பொட்டலமாகக் கொண்டுபோய்க் குவித்தார்கள். அவர்கள் நன்றியோடு வாங்கிக்கொண்டு, இரண்டு ரொட்டியும் பருப்பும் கிடைக்குமா என்று கூச்சத்தோடு கேட்டார்கள். ஹோட்டல்களில் ரொட்டி சுடுகிற தந்தூர் செக்‌ஷன் ஆட்கள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் அது. அவர்களைப் பிடித்து உட்கார வைத்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

வருபவர்கள் பாஸ்தா, ஃபிரைடு ரைஸ் என்று ஆரம்பிப்பதும் உண்டு. குழந்தைகள் காப்பகத்தில் மாதம் ஒருமுறை என்றால் சரி, அவர்களுக்கும் கொண்டாட்டம். ஆஸ்பத்திரி வாசலில் வேண்டாம். அங்கே காலையில் பொங்கல், மதியம் சாதம் குழம்பு பொரியல், ராத்திரி இட்லி அல்லது ரவா உப்புமா. அலுத்துப்போகாமல் மாற்ற வேண்டியது குழம்பையும் காயையும்தான். கீரை, சுண்டல், முட்டை ஆகிய மூன்றும் வாரத்தில் எப்படியாவது வந்துவிட வேண்டும், ஏனென்றால் தானமாக வருகிற சாப்பாடு எப்போதும் வெறும் சோறாகவே வருகிறது.

அசைவம் போடலாமா?

சாப்பிடுபவர்கள் கேட்டால் போடலாம். முட்டை எப்போதும் சரி. கோழியோ மட்டனோ என்றால் அங்கேயே சமைத்து அங்கேயே பரிமாறுகிற இடத்தில் மட்டும், பொட்டலத்தில் வேண்டாம். சைவம், அசைவம் என்று பொட்டலத்தில் எழுதாமல் எதுவும் வெளியே போகக் கூடாது.

நூறு பேருக்கு எவ்வளவு சாமான் வாங்குவது?

சாம்பார் சாதத்துக்கு எங்கள் கணக்கு இது. ஆளுக்கு 400 முதல் 450 கிராம் வருகிற மாதிரி நூறு பொட்டலத்துக்கு அரிசி 8 கிலோ, துவரம்பருப்பு 2 கிலோ, காய் 5 கிலோ, தக்காளி 2 கிலோ, வெங்காயம் ஒன்றரைக் கிலோ, புளி 300 கிராம் சுற்றி, எண்ணெய் ஒரு லிட்டர். அரிசியும் பருப்பும் சேர்ந்த ஒவ்வொரு கிலோவுக்கும் தண்ணீர் சுமார் 4 லிட்டர். லெமன் சாதம், தக்காளி சாதம் மாதிரி உதிரியானவை என்றால் கிலோ அரிசிக்கு எட்டுப் பொட்டலம்.

ஐநூறு பேர் என்றால் இதை அப்படியே ஐந்தால் பெருக்காதீர்கள். அரிசி, பருப்பு, காய் பெருகும். மிளகாய், புளி, தண்ணீர் மூன்றையும் குறைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். பெரிய அண்டாவில் தண்ணீர் அதே விகிதத்தில் வற்றாது. அடுப்பை அணைத்த பிறகும் அடியில் அரை மணி நேரம் வெந்துகொண்டே இருக்கும். முக்கால் பதம் தாண்டியதும் இறக்கிவிடுகிற துணிச்சல்தான் பெரிய சமையலின் பாதி வித்தை. இன்னும் ஒன்று: பொட்டலத்துக்குப் போகிற சாம்பார் சாதம் தட்டில் போடுவதைவிடத் தளர இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பிரிக்கும்போது இறுகித்தான் இருக்கும்.

கெட்டுப் போகாமல் எப்படிப் பார்ப்பது?

எல்லாவற்றிலும் நீளமான பதில் இதற்குத்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே கஷ்டத்தில் இருப்பவருக்கு நாம் கொடுத்த சாப்பாட்டால் வயிற்றுப்போக்கு வந்தால், சும்மா இருந்திருக்கலாம்.

சமைத்தது 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்து இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிருமி பெருகும், சென்னை வெயிலும் புழுக்கமும் அதற்கு ரொம்பத் தோது. இறக்கிய நேரத்திலிருந்து நாலு மணி நேரத்துக்குள் கடைசிப் பொட்டலம் கடைசி ஆளின் வாய்க்குப் போய்விட வேண்டும் என்பது எங்கள் விதி. இறக்கிய நேரத்தை எழுதச் சொல்கிறோம், கட்டிய நேரத்தை அல்ல. இதில் ஏமாற்றுபவர்கள் அதிகம்.

சோற்றைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கிற தண்ணீரிலும் சாகாது. வடித்த சோற்றை மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக அண்டாவிலேயே விட்டால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. ஆகவே "மதியம் மிஞ்சியதை ராத்திரி எலுமிச்சை பிழிந்து தாளித்துவிடலாம்" என்கிற யோசனைக்கு இங்கே இடமில்லை.

பொட்டலத்துக்கு ஆகாதவை: தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, உருளைக்கிழங்கு போட்ட சாம்பார், பாலில் செய்த எதுவும். சட்னிக்குப் பதில் தக்காளித் தொக்கு வையுங்கள். புளிக்காய்ச்சலும் நல்லெண்ணெயும் சேர்ந்த புளியோதரை மற்றதைவிடக் கொஞ்சம் தாங்கும். நம் பாட்டிமார் ரயில் பயணத்துக்கு அதையே கட்டியதில் காரணம் இருக்கிறது. ஆனால் அதற்கும் நாலு மணி விதி உண்டு.

காய்ச்சல், பேதி, கையில் ஆறாத புண் இருப்பவர் அன்றைக்கு அடுப்புப் பக்கம் வர வேண்டாம். மோதிரம், வளையல், வாட்ச் கழற்றி வைக்க வேண்டும். ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் ஒரு டப்பா எடுத்து, தேதி எழுதி, இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைக்கிறோம். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று தகவல் வந்தால் அந்த டப்பாதான் பதில் சொல்லும். அப்படித் தகவல் வந்தால் மழுப்பாதீர்கள். சாப்பிட்ட எல்லாரையும் விசாரியுங்கள், ஓஆர்எஸ் கொடுங்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள், எங்களுக்கும் உடனே சொல்லுங்கள்.

கல்யாண மண்டபத்தில் மிஞ்சியதை எடுத்துப் போகலாமா?

போகலாம். நோ ஃபுட் வேஸ்ட், ராபின் ஹூட் ஆர்மி மாதிரி அமைப்புகள் இதையே முழு வேலையாகச் செய்கின்றன. மிகையான உணவைப் பகிர்வதற்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் தனி ஒழுங்குமுறையே கொண்டுவந்தது. சமையல் தெரிந்தவர் கூடப் போனால் பெரிய நன்மை ஒன்று உண்டு: எதை எடுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். அண்டாவில் மூடியே இருந்த சாதம், சாம்பார், பொரியல் சரி. பரிமாறும் வாளியில் இருந்தது, இலையோரம் சுற்றி வந்தது, தயிர்ப் பச்சடி, பால் பாயசம் வேண்டாம். "நல்லாத்தானே இருக்கு" என்று மண்டபத்துக்காரர் சொன்னாலும் வேண்டாம். அவர் வீட்டுப் பிள்ளைக்கு நாளைக்குக் கொடுப்பாரா என்று மனதுக்குள் கேட்டுப் பாருங்கள்.

லைசென்ஸ் ஏதாவது வேண்டுமா?

லாப நோக்கம் இல்லாமல் சமைத்துக் கொடுத்தாலும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது உணவுத் தொழில்தான். தொடர்ந்து நடத்தும் சமையல்கூடம் பதிவு செய்து 14 இலக்க எண் வாங்கியிருக்க வேண்டும். தனித் தன்னார்வலராக வருகிற உங்களுக்கு எதுவும் தேவையில்லை. சேர்வதற்கு முன்னால் அந்த எண் இருக்கிறதா என்று நீங்கள் கேட்பது நல்லது, எங்களிடமும் கேளுங்கள்.

பாத்திரம், கேஸ், செலவெல்லாம்?

பாத்திரம் வாடகைக்கடையில் கிடைக்கும். சேவைக்கு என்றால் பல கடைக்காரர்கள் வாடகையைக் குறைப்பார்கள், ஆனால் கழுவாமல் திருப்பினால் அடுத்த தடவை குறைக்க மாட்டார்கள். கேஸ் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான், வீட்டு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். காய் கோயம்பேட்டில், அரிசி செங்குன்றம் மண்டியில் வாங்குகிறோம்.

வருமான வரி விலக்கு பற்றிக் கேட்கிறார்கள். 80ஜி பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுக்கிற பணத்துக்கு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, கழிவு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. மூட்டை அரிசிக்கும் உங்கள் உழைப்புக்கும் ரசீது தர முடியாது.

போட்டோ எடுத்துப் போடலாமா?

அண்டாவை எடுங்கள், உங்கள் குழுவை எடுங்கள். கை நீட்டி வாங்குகிறவரின் முகத்தை எடுக்கக் கூடாது. கேட்டுவிட்டு எடுத்தேன் என்பது சமாதானம் ஆகாது. பசியில் நிற்பவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

இது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கமா?

ஹெய்ட்டி பூகம்பத்துக்குப் பிறகு 2010-ல் ஷெஃப் ஹோசே ஆண்ட்ரெஸ் தொடங்கிய, பேரிடர் இடங்களில் சமைத்துப் போடுகிற வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன் அமைப்பைப் பார்த்துவிட்டு இளம் ஷெஃப்கள் பலர் வருகிறார்கள். உள்ளூர் உணவகங்களையும் சமையல்காரர்களையும் வைத்தே, அந்த ஊர் ருசியிலேயே சமைப்பது என்பது அந்த அமைப்பிடம் கற்க வேண்டியது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது அந்த அமைப்பினர் ஷெஃப் சஞ்சீவ் கபூரோடு சேர்ந்து இந்தியாவில் மருத்துவமனைப் பணியாளர்களுக்கும் சாப்பாடு கொடுத்தார்கள்.

ஆனால் வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. சென்னையிலேயே பார்க்க வேண்டுமென்றால் ரம்ஜான் மாதத்தில் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்குப் போங்கள். மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் சமைத்துக் கொண்டுவந்து, தலையில் தொப்பி அணிந்து, நோன்பு திறப்பவர்களுக்குப் பரிமாறுவார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பெரிய கூட்டத்துக்குச் சத்தமில்லாமல் பரிமாறுவது எப்படி என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

சமைப்பதற்குப் பதில் சொல்லிக்கொடுக்கலாமா?

இதை அதிகம் பேர் கேட்பதில்லை. எங்களுக்கோ இதில்தான் ஆசை. பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் இட்லி சுட்டு விற்கிற, மெஸ் தொடங்க நினைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சமையல் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்களைவிட நன்றாகவே செய்வார்கள். தேவைப்படுவது வேறு: ஒரு பிளேட்டுக்கு என்ன அடக்கம் ஆகிறது, மாவு மிஞ்சாமல் எப்படிக் கணிப்பது, நூறு பேர் ஆர்டர் வந்தால் எப்படி ஒத்துக்கொள்வது, உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு எப்படி விண்ணப்பிப்பது. ஹோட்டலில் ஃபுட் காஸ்ட் பார்த்துப் பழகிய ஒருவர் நாலு சனிக்கிழமை உட்கார்ந்தால் போதும். பதவி ஓய்வு பெற்ற மாஸ்டர்களுக்கும், முட்டி வலியால் அண்டா பக்கம் நிற்க முடியாதவர்களுக்கும் ஏற்ற வேலை.

முதல் நாள் என்ன எடுத்து வர வேண்டும்?

வழுக்காத செருப்பு, பழைய பருத்திச் சட்டை, தலைக்குத் துணி, ஏப்ரன், ஒரு மார்க்கர் பேனா, உங்களுக்குப் பழகிய கத்தி. காலை ஐந்தரைக்கு அடுப்பு, அதற்கு முன்னால் டீ உண்டு. கத்தியின் பிடியில் பெயர் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். சாயங்காலம் கழுவி அடுக்கும்போது எல்லாக் கத்தியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.